புளி போட்டுத் தேய்ச்சுடாதீங்க! தாத்தா காலத்து நிக்கல் காயின்ல இருக்கு விஷயம்

வீட்டைக் காலி பண்ணும்போதோ, பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போதோ அஞ்சறைப்பெட்டி, பூஜை உண்டியல், பழைய பவுடர் டப்பா எதுலயாவது நாலணா, எட்டணா கிடைக்கும். உடனே நம்ம வீட்டுல நடக்குற முதல் காரியம், புளியோ விபூதியோ போட்டுப் பளபளன்னு தேய்க்கிறது. குத்துவிளக்குக்கு ஓகே. காயினுக்கு அதுதான் சாவுமணி!

ஏன்னா, நிக்கல் காயினை உருக்கினா பெருசா எதுவும் தேறாது. தங்கம், வெள்ளி மாதிரி உலோகத்துக்கு விலை கிடையாது. அச்சுக்கூடத்திலிருந்து வந்தப்போ இருந்த மேல்தோல் எவ்வளவு அப்படியே இருக்குங்கிறதுக்குத்தான் விலை. அந்தத் தோலை உரிச்சுட்டா, மிச்சம் வெறும் வட்டத் தகடு.

நம்ம ஊருக்கு நிக்கல் வந்த கதை சுவாரஸ்யமானது. இரண்டாம் உலகப் போர்ல வெள்ளிக்குக் கடும் தட்டுப்பாடு. அமெரிக்கா கடனாகத் தந்த வெள்ளியைத் திருப்பியும் தரணும். அதனால 1946-ல அரை ரூபாய், கால் ரூபாய் எல்லாம் நிக்கலுக்கு மாறுச்சு. 1947-ல ஒரு ரூபாயும் வந்தது. ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ், மறுபக்கம் நடந்துபோகிற புலி. 1950-ல குடியரசு காயின் வந்தப்போ ராஜா போய் அசோகர் சிங்கம் வந்தாச்சு, புலி போய் கோதுமைக்கதிர் வந்தாச்சு, ஆனா நிக்கல் மட்டும் அப்படியே இருந்தது. 1957 ஏப்ரல் 1-ல நயா பைசா வந்த பிறகும் 25, 50 பைசா நிக்கல்தான். 1964-ல வந்த நேரு காயினும், 1969-ல வந்த காந்தி ஒரு ரூபாயும் அதேதான்.

இது நிக்கலா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கிற மேக்னட்டை எடுங்க. சுத்த நிக்கல் டக்குனு ஒட்டும். 75% செம்பு, 25% நிக்கல் கலந்த குப்ரோ நிக்கல் ஒட்டாது. இந்தியா மேப் போட்ட பழைய 2 ரூபாய், தடிமனான பழைய 5 ரூபாய் எல்லாம் இந்த வகை. ஒரு எச்சரிக்கை: எண்பதுகளின் கடைசியிலிருந்து வந்த ஸ்டீல் காயின்களும் ஒட்டும். அதனால வருஷத்தையும் சேர்த்துப் பாருங்க.

இனி தரம். புழக்கத்துக்கே போகாத காயினை 'யுஎன்சி' என்பாங்க. சர்வதேச அளவுல 1-லிருந்து 70 வரை மார்க் போடுற ஷெல்டன் ஸ்கேல் இருக்கு. அதுல 60-க்கு மேல போனாத்தான் புழங்காத காயின். மேஜை விளக்குக்குக் கீழே காயினின் விளிம்பைப் பிடிச்சு மெதுவா சாய்ச்சுப் பாருங்க. வெளிச்சம் காத்தாடி இறக்கை மாதிரி சுத்தி வரணும். தேய்ச்ச காயினும் மின்னும், ஆனா அந்தச் சுழற்சி இருக்காது. மொபைல் கேமராவை ஜூம் பண்ணினா ஒரே திசையில மெல்லிய கோடு கோடா தெரியும். சில காயின்ல சிங்கத்தின் பிடரி தேஞ்ச மாதிரி இருந்தாலும் அவசரப்பட்டு ஒதுக்க வேணாம். நிக்கல் கடினமான உலோகம், அச்சு முழுசா பதியாமலே வெளிவந்த காயின்களும் உண்டு. அந்த இடத்துல பளபளப்பு இருந்தா அது அச்சுக் குறை, இல்லேன்னா தேய்மானம்.

அடுத்தது 'டோனிங்'. மழை நாள்ல ஜி.எஸ்.டி ரோட்டுத் தண்ணியில பெட்ரோல் படலம் வானவில் காட்டுமே, அதே விஞ்ஞானம்தான். காயின் மேல வருஷக்கணக்கா உருவாகிற மெல்லிய படலத்தின் தடிமனைப் பொறுத்துப் பொன்நிறம், ஊதா, நீலம்னு மாறும். அமெரிக்கர்கள் 'நிக்கல்'னு கூப்பிடுற 5 சென்ட்ல முக்கால்வாசி செம்புதான். அதனாலதான் அங்கே நீலமும் தங்கமும் கலந்த காயினுக்கு ரசிகர் கூட்டம். நம்ம சுத்த நிக்கல் கொஞ்சம் அடக்கமான ஆள். லேசான பொன்நிறம், சாம்பல் கலந்த நீலம், அவ்வளவுதான். எனக்கு அந்த அடக்கம்தான் பிடிக்குது. கலர் ஜாஸ்தி வேணும்னா குப்ரோ நிக்கல்ல காளை மாடு போட்ட 1950-களின் ஓரணா, ரெண்டணாவைத் தேடுங்க. சூடு காட்டியோ, கந்தக மருந்து வச்சோ செயற்கையா கலர் ஏத்துறவங்களும் இருக்காங்க. கன்னாபின்னான்னு அடிக்கிற கலர், திட்டுத் திட்டா நிக்கிற கலர் பார்த்தா ஒதுங்கிடுங்க.

சென்னைக்கு வேற ஒரு பிரச்னை இருக்கு. உப்புக் காத்து, ஈரப்பதம். மலிவான பிவிசி ஆல்பத்துல வச்சா ரெண்டு மூணு மழைக்காலத்துல காயின் மேல பச்சையா பிசுபிசுன்னு ஏதோ படியும். சீக்கிரம் பார்த்துட்டா சுத்தமான அசிட்டோன்ல நனைச்சு எடுக்கலாம், தேய்க்கக் கூடாது. (நெருப்பு பக்கத்துல வேணாம், ஜன்னலைத் திறந்து வைங்க.) பிவிசி இல்லாத ஹோல்டர், மூடி இறுக்கமான டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் இருந்தா போதும்.

'இந்தக் காயின் இருந்தா லட்சாதிபதி'ன்னு வர்ற வீடியோக்களை நம்பி யாருக்கும் 'கமிஷன்', 'வரி'ன்னு பணம் அனுப்பாதீங்க. தன் பேரைச் சொல்லி இப்படி மோசடி நடக்குதுன்னு ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்ட்ல எச்சரிச்சது. பழைய காயின் விற்பனைக்கு அது கட்டணமோ கமிஷனோ கேட்கிறதே இல்லை. நிஜத்துல சாதாரண நிக்கல் காயின் கோடிக்கணக்குல அடிச்சது, சல்லிசாவே கிடைக்கும். அதே வருஷம், அதே காயின், பளபளப்பு குலையாம இருந்தா மட்டும் விலை ஏறும்.

கண்ணைப் பழக்க எழும்பூர் மியூசியத்தின் நாணயப் பிரிவு நல்ல இடம். தாம்பரத்துல ஏறினா ஒரே ட்ரெயின். வெள்ளிக்கிழமை மட்டும் அங்கே லீவு. அன்னைக்கு மூணாவது ஸ்டேஷன்லயே இறங்கிடுங்க, பல்லாவரம் சந்தை இருக்கு. பாக்கெட்ல மேக்னட் மறக்காதீங்க.