பருந்து மோதிய ஹெலிகாப்டர்

விமானத்துக்கு ஏறும்போதும் இறங்கும்போதுமே பெரும்பாலும் நேரும் பறவை அபாயம், பறவைகளின் சஞ்சாரவெளியிலேயே தாழப் பறக்கும் ஹெலிகாப்டருக்குப் பயணம் நெடுகிலும் உண்டு. 2009 ஜனவரி 4 அன்று, அமெரிக்காவின் லூசியானாவில், எண்ணெய்த் தளத்துக்குத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு சுமார் 850 அடி உயரத்தில் சென்ற சிகோர்ஸ்கி ஹெலிகாப்டரின் முன்கண்ணாடியருகே செவ்வால் பருந்து ஒன்று மோதிற்று. அந்த அதிர்ச்சியில் விமானிகளின் தலைக்கு மேலிருந்த தீயணைப்புக் கைப்பிடிகள் நழுவி, இயந்திர விசையைக் கட்டுப்படுத்தும் நெம்புகோல்களைப் பின்னே தள்ளிவிட, யாதொரு பழுதுமற்ற இரண்டு இயந்திரங்களும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் சக்தி இழந்தன. ஒன்பது பேரில் எண்மர் மாண்டனர். மனத்தை மிகவும் வருத்துவது என்னவெனில், உறுதிவாய்ந்த அடுக்குக் கண்ணாடிக்குப் பதிலாக, இலேசான அக்ரிலிக் கண்ணாடியே அதில் பொருத்தப்பட்டிருந்தது. பறவை மோதலைத் தாங்கவேண்டுமென்ற விதியோ, அந்த ரக ஹெலிகாப்டருக்கு அங்கீகாரம் வழங்கிய காலத்தில் இருக்கவேயில்லை.