பென்சில் சொன்ன சாட்சி

1871-ல் கார்ல் மாவ்ஹ் என்ற ஜெர்மானியர் ஆப்பிரிக்காவின் தெற்கில் உள்ள கிரேட் ஜிம்பாப்வே என்ற கல் நகரத்தின் இடிபாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தார். வாசல் உத்தரத்தில் ஒரு சிராயைப் பெயர்த்துத் தன் பென்சிலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டும் ஒரே மரமாகப் பட்டன. பென்சில் கேதுரு மரம்; கேதுரு லெபனானில் வளர்வது; அப்படியென்றால் இது பைபிளில் சாலமோனைக் காண வந்த ஷீபா ராணியின் மாளிகை! சுற்றிலும் ஷோனா மக்கள் ஆடு மாடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். இவர்களின் முன்னோர் கட்டியிருக்கலாமே என்று அவருக்குத் தோன்றவில்லை.

சாந்து பூசாமல், வெறும் கல்லை அடுக்கிச் சுமார் 11 மீட்டர் உயரம் எழுப்பிய மதில் அது. சுற்றளவு ஏறக்குறைய 250 மீட்டர்.

1890-ல் பிரிட்டிஷ் ஏகாதிபத்தியவாதி செசில் ரோட்ஸின் கம்பெனி அந்த மண்ணைப் பிடித்தபோது ஷீபா கதை கைகொடுத்தது. என்றைக்கோ அந்நியர் ஆண்ட நிலம் என்றால், இன்னொரு அந்நியர் வருவதில் தப்பென்ன? 1902-ல் இடிபாடுகளுக்குக் காப்பாளராக ரிச்சர்ட் ஹால் என்ற பத்திரிகைக்காரரை நியமித்தார்கள். பிற்காலத்து ஆப்பிரிக்கர்கள் விட்டுப்போன குப்பை என்று சொல்லி, மீட்டர் கணக்கில் மண்ணை வாரிக் கொட்டினார் அவர். கட்டியது யார் என்று சொல்லக்கூடிய பானை ஓடுகளெல்லாம் அந்தக் 'குப்பை'யில்தான் இருந்தன.

மிச்சம் கிடந்ததைத் தோண்டிய தொல்லியலாளர் ராண்டல்-மக்ஐவர், இது ஆப்பிரிக்கர்களின் வேலைதான் என்று 1905-லேயே சொல்லிவிட்டார். யாரும் காதில் வாங்கவில்லை. 1929-ல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சன் மறுபடி தோண்டி அதையே உறுதிசெய்தார். அவர் முடிவைச் சொன்ன கூட்டத்தில் கொதித்தெழுந்தவர் ரேமண்ட் டார்ட். மனித குலத்தின் வேர் ஆப்பிரிக்காவில் என்பதற்கு 'டாங் குழந்தை' எனப்படும் மனித மூதாதையின் மண்டையோட்டை ஆதாரமாகக் காட்டி, ஐரோப்பிய அறிஞர்களின் ஏளனத்தை வாங்கிக்கொண்டிருந்த அதே டார்ட்! ஆப்பிரிக்கா மனிதனை ஈன்றிருக்கலாம், ஆப்பிரிக்கர் மதில் மட்டும் கட்டியிருக்க முடியாதாம்.

11-ஆம் நூற்றாண்டு முதல் 15-ஆம் நூற்றாண்டு வரை ஷோனா மக்களின் முன்னோர் கட்டியது என்பதில் இன்று ஆய்வாளர்களிடையே சண்டையில்லை. இடிபாடுகளில் கிடைத்த சீனப் பீங்கானும் இந்தியக் கண்ணாடி மணிகளும் அவர்கள் செய்த வணிகத்துக்குச் சாட்சி. ஆனால் ரோட்ஸின் பெயரால் ரொடீஷியா என்று அழைக்கப்பட்ட அந்நாட்டின் வெள்ளையர் அரசுக்கு அது பிடிக்கவில்லை. உண்மையைச் சொன்ன தொல்லியல் அதிகாரி பீட்டர் கார்லேக் 1970-ல் நாட்டைவிட்டுப் போனார்.

1980-ல் விடுதலை. கற்கோட்டையின் பெயரே நாட்டின் பெயரானது. அங்கிருந்த, சோப்புக்கல்லில் செதுக்கிய பறவை கொடியில் ஏறியது. அங்கிருந்து கொண்டுபோகப்பட்ட அசல் பறவைகளில் சில அப்போதும் தென்னாப்பிரிக்காவில்தான் இருந்தன. மறு ஆண்டு நான்கு திரும்பி வந்தன. அவற்றுக்கு ஈடாக ஜிம்பாப்வே கொடுத்தது, அருங்காட்சியகத்தில் சேர்த்து வைத்திருந்த குளவி, தேனீ, எறும்புத் தொகுப்பு.