கிரேட் டேன் நாயைத் தடவினால் நோயாளிக்கு ஏன் படபடப்பு குறைகிறது?

1976-ல் அமெரிக்க நர்ஸ் எலைன் ஸ்மித், நோயாளிகளைப் பார்க்க நாய்களை அழைத்துவருவதற்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார். சரி, அதற்குக் கிரேட் டேன் போல இவ்வளவு பெரிய நாய் எதற்கு?

உயரம்தான் வசதி. கிரேட் டேனுக்குத் தோளே 70 செ.மீ.க்கு மேல். கட்டிலருகே நின்றாலே தலை கைக்கு எட்டும். வால்தான் தொல்லை: ஒரே வீச்சில் ஸ்டூல் மேலிருக்கும் டம்ளர் கீழே!

மெல்லத் தடவும்போது மூளையில் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கலாம், படபடப்பு தணியும். நாய் உங்களை நிமிர்ந்து பார்க்கிறதே, அங்கேதான் சுவாரஸ்யம். பார்வை சுரப்பைக் கூட்டும், சுரப்பு பார்வையை நீட்டும். ஊஞ்சலைத் தள்ளத் தள்ள வீச்சு கூடுவதுபோல. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015-ல் இதை நாயிடமும் அதை வளர்ப்பவரிடமும் கண்டார்கள். முன்பின் தெரியாத நாயிடம் அதே அளவு எதிர்பார்க்காதீர்கள்.

நாய்க்கும் அலுக்கும். அடிக்கடி கொட்டாவி விட்டாலோ உதட்டை நக்கினாலோ, கூட்டிவந்தவர் வெளியே அழைத்துப்போய்விடுவார்.