பிள்ளைக்கு ஊசி: விறைக்கும் கிறீமை வாங்குமுன்

வன்னியில் பிள்ளையின் ஊசி நோவைப் பற்றிப் பேசினால், மூத்தவர்கள் சிலருக்கு அது வீண் செல்லமாகத் தோன்றலாம். 2009 இன் தொடக்க மாதங்களில், போரின் நடுவே மயக்கமருந்து போதாமல் சத்திரசிகிச்சை நடந்ததைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று மாஞ்சோலையிலும் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஊசிக்குக் கையை நீட்டுகிறார்கள். தவிர்க்கக்கூடிய நோவை அவர்களும் தாங்கிப் பழக வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அதற்காக பாமசியில் ஒரு கிறீமை வாங்கிப் பூசிவிடுவது சரியான வழியுமல்ல.

தோலை விறைக்கச் செய்யும் கிறீம்களில் பரவலாக அறியப்பட்டது, லிடோகெயின் 2.5 வீதமும் பிறிலோகெயின் 2.5 வீதமும் கலந்தது. அதைத் தடிப்பாகப் பூசி, ஒட்டுப்படலத்தால் மூடி, ஒரு மணித்தியாலம் விடவேண்டும். அப்போது சுமார் 3 மில்லிமீற்றர் ஆழம் வரை விறைக்கும். வாசலில் காத்திருக்கும் ஐந்து நிமிடத்தில் தடவினால் பயனில்லை. அடிக்கடி இரத்தம் எடுக்கும் பிள்ளைக்கும், நாள் குறித்து சேலைன் ஏற்றப்போகும் பிள்ளைக்கும் இது பெரிய ஆறுதல். தடுப்பூசிக்கு அவ்வளவு உதவாது. 2, 4, 6 ஆம் மாதங்களில் போடும் ஐந்துநோய்த் தடுப்பூசி தொடைத் தசைக்குள் போகிறது. மருந்து தசையில் பரவும்போது வரும் நோவைக் கிறீம் எட்டாது. பிறந்தவுடன் தோலுக்குள் போடும் பி.சி.ஜி. உயிருள்ள கிருமி கொண்டது. இந்தக் கிறீமுக்குக் கிருமியைத் தடுக்கும் தன்மை இருப்பதால் அந்த இடத்தில் பூசவே வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனம் 2015 இல் தடுப்பூசி நோவைக் குறைக்கும் வழிகளை வெளியிட்டது. செலவும் நேரமும் கருதி, நாடு தழுவிய தடுப்பூசித் திட்டங்களுக்கு இந்தக் கிறீமை அது பரிந்துரைக்கவில்லை. அது சொன்னவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காசே தேவையில்லை. கைக்குழந்தையைத் தாய் மடியில் அணைத்து வைத்திருக்கலாம். ஊசிக்குச் சற்று முன்போ ஊசி போடும்போதோ பால் கொடுக்கலாம். இரண்டு ஊசி என்றால் கூடுதலாக நோகும் ஊசியைக் கடைசியாகப் போடலாம். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளையின் கவனத்தைத் திருப்பலாம். “நோகவே நோகாது” என்று மட்டும் சொல்லாதீர்கள். அடுத்த முறை அந்தப் பிள்ளை உங்களை நம்பாது. “மிஸ், நான் மடியில வச்சிருக்கிறன், பால் குடுத்துக்கொண்டு இருக்கலாமோ?” என்று கிளினிக்கில் கேட்கத் தயங்க வேண்டாம். அது சலுகை கேட்பதல்ல.

ஆபத்துக்கு வருவோம். பிறிலோகெயின் அளவு மீறினால் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் திறனை இழக்கலாம். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு உச்ச அளவு 1 கிராம், ஒரு மணித்தியாலம் மட்டுமே. மூன்று முதல் பன்னிரண்டு மாதம் வரை, 5 கிலோவுக்கு மேற்பட்ட குழந்தைக்கு 2 கிராம். ஒரு வயதுக்குள் கோ-டிரைமொக்சசோல் போன்ற சல்பா மருந்து எடுக்கும் பிள்ளைக்குப் பூசவே கூடாது. ஜி6பிடி என்ற நொதிக்குறை உள்ளவர்களுக்கும் ஆபத்து அதிகம். மலேரியா நீண்டகாலம் இருந்த பிரதேசங்களில் இந்தக் குறை கூடுதலாகக் காணப்படும். இலங்கை 2016 இல் மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றது. பரம்பரையாக வரும் குறை அதனோடு போய்விடுவதில்லை. வன்னியில் இதை வைத்தியரிடம் கட்டாயம் பேசவேண்டும் என்பேன். புண், சிரங்கு உள்ள தோலிலும் பூசக்கூடாது.

பூசிய பின், சில மணித்தியாலம் கழிந்தாலும், உதடோ நகமோ நீலம் அல்லது சாம்பல் நிறமானால், பிள்ளை மூச்சு வாங்கினால், அசாதாரணமாகத் தூங்கி வழிந்தால், கிறீமைத் துடைத்துவிட்டு 1990 இலவச அம்புலன்சை அழையுங்கள். கிறீம் குழாயையும் கையோடு கொண்டுபோங்கள். என்ன மருந்து, எவ்வளவு என்று வைத்தியர் அதைப் பார்த்தே அறிவார்.

வெளிநாட்டு உறவினர் அனுப்பிய குழாயானாலும் வைத்தியரிடம் காட்டாமல் திறக்க வேண்டாம். இங்கே வாங்கினால், 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவான மருந்தா என்று கேளுங்கள். பற்றுச்சீட்டைக் கேட்டால் வியாபாரி தந்தே ஆகவேண்டும். 2003 ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. மறுத்தால் 1977 இல் முறையிடலாம். தடுப்பூசிக்குப் பின் வரும் எந்த ஒவ்வாமையையும் குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.) பணிமனையிலோ அறிவியுங்கள். பிள்ளைக்குக் கிறீம் ஒருமுறை ஒவ்வாமற்போனால், அதைச் சுகாதாரப் பதிவேட்டில் எழுதுவித்து வைத்திருங்கள். அடுத்த முறை வேறொரு வைத்தியர் பார்க்கக்கூடும்.