வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம்: வைட்ஃபீல்ட் பிள்ளைகள் படிப்பது எப்படி?

வேலை தேடி வைட்ஃபீல்டுக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரு விசித்திரம் உண்டு. வீட்டில் பேச்சு தமிழ். பள்ளியில் எழுத்து கன்னடம் அல்லது ஆங்கிலம். ஊரிலிருந்து பாட்டி எழுதி அனுப்பும் நாலு வரியை, பேரப்பிள்ளைக்கு அப்பாதான் படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

கர்நாடகம் 2015-ல் கொண்டு வந்த சட்டப்படி, எல்லாப் பள்ளிகளிலும் கன்னடம் முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ இருந்தாக வேண்டும். இன்னொரு இடம் பெரும்பாலும் ஆங்கிலத்துக்குப் போய்விடும். எனவே தமிழ் எழுத்து வீட்டுப் பொறுப்பாகிவிட்டது.

அதைச் சொல்லிக் கொடுக்க உட்காரும் பெற்றோர், பிள்ளை படிக்கும் அரசுப் பள்ளியில் முதல் வகுப்பு எப்படி நடக்கிறது என்று ஒரு முறை கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

அங்கே நடப்பது 'நலி-கலி' முறை. 'நலி' என்றால் மகிழ்ந்து ஆடு; 'கலி' என்றால் கல். (கலிகாலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) ஆந்திரத்தில் மதனப்பள்ளி அருகேயுள்ள ரிஷிவேலிப் பள்ளியின் முறையைப் பார்த்து, 1995-ல் மைசூர் மாவட்டம் ஹெக்கடதேவனகோட்டே தாலுகாவில் தொடங்கினார்கள். 2009-10 முதல் மாநிலம் முழுவதும் பரவியது. பிள்ளைகள் குழுக்களாக உட்கார்ந்து படஅட்டைகளை வைத்துப் படிக்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏணிப்படி ஏறுவது போல முன்னேறலாம். பொங்கலுக்கு ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வரும் பிள்ளையும், விட்ட அட்டையிலிருந்தே தொடரலாம். கூலிக் குடும்பங்களுக்கு இது சின்ன உதவி அல்ல.

இதில் எழுத்துகள் அகர வரிசையில் வருவதில்லை. ர, க, ஸ, த, அ என்று ஆரம்பிக்கிறார்கள். இந்த ஐந்தும் தெரிந்தவுடன் 'அரச', 'தசர' என்ற சொற்களைப் பிள்ளை தானே கூட்டிப் படித்துவிடும். முதல் வாரங்களிலேயே தசரா பண்டிகையின் பெயரைப் படித்துவிட்ட குழந்தைக்கு அடுத்த அட்டையை எடுக்க யாரும் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ் வீடுகளில் நடப்பதோ வேறு. 247 எழுத்தையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளை, 'மரம்' என்று எழுதிக் காட்டினால் விழிக்கிறது. ஒப்பிப்பது காதும் வாயும் செய்யும் வேலை. படிப்பதற்குக் கண் பார்த்த வடிவத்தை ஒலியோடு சேர்க்க வேண்டும். பேச்சு கேட்டுக் கேட்டே வந்துவிடும். படிப்பு அப்படி வராது.

காகமும் காகெயும்

'காகம்' என்ற சொல்லில் 'க' இரண்டு முறை ஒலிக்கிறது. இரண்டும் ஒரே ஒலி அல்ல. தமிழில் எழுத்து ஒன்றுதான். கன்னடத்தில் காக்கைக்கு 'காகெ'. அங்கே இரண்டு ஒலிக்கும் இரண்டு வேறு எழுத்து. கன்னடம் படித்த பிள்ளை தமிழில் 'க'வைப் பார்த்து எந்த 'க' என்று கேட்டால், அது மந்தம் அல்ல, சரியான கேள்வி. சொல்லைப் பேசிப் பார்த்து முடிவு செய்யச் சொன்னால் போதும்.

இன்னொரு தொல்லை கொம்பு. 'கெ', 'கே', 'கை' எழுதும்போது குறி முன்னால் நிற்கிறது. ஒலி பின்னால் வருகிறது. கன்னடத்தில் அப்படி இல்லை. ஆகவே ப, ட, ம என்ற எளிய எழுத்துகளில் தொடங்கி, படம், மடம், பட்டம் என்று படிக்கவிட்டு, பிறகு கால் சேர்த்துப் பாடம், மாடம் என்று போய், கொம்பைக் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது. தாத்தாவின் பழைய புத்தகத்தைக் கொடுக்க வேண்டாம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய 'லை'யும் 'னை'யும் அதில் வேறு வடிவம்.

இரண்டு எழுத்து கற்றால் குழம்பிவிடும் என்று பயப்படத் தேவையில்லை. குறி என்பது ஒலியைக் காட்டுவது என்ற ரகசியம் ஒரு மொழியில் பிடிபட்டுவிட்டால், அடுத்த மொழியில் பாதி வேலை முடிந்த மாதிரி. பால்–ஹாலு, புலி–ஹுலி, பூ–ஹூவு என்று ஜோடி சேர்ப்பதையே பிள்ளைகள் விளையாட்டாக்கிக்கொள்ளும்.

புத்தகத்துக்குச் செலவும் அதிகமில்லை. தமிழக அரசின் பாடநூல்கள் இணையத்தில் இலவசம். அல்சூரில் 1950 முதல் இயங்கும் பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தில் நூலகம் உண்டு; வைட்ஃபீல்டிலிருந்து ஒரே மெட்ரோ ரயிலில் அல்சூரில் இறங்கலாம். பெங்களூரைச் சேர்ந்த பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-ல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் படக்கதைகள் பல, தமிழிலும் கன்னடத்திலும் காசில்லாமல் கிடைக்கின்றன. கைப்பேசியில் ஒரே கதையைத் தமிழில் அப்பா படிக்க, கன்னடத்தில் பிள்ளை படிக்கலாம். பஸ் போர்டு படிக்கப் பக்கத்து ஆளைக் கேட்கும் அப்பாவுக்கு, அந்தக் கன்னடப் பக்கமும் உதவும்.