பண்டிகைக் களிப்பும் பால்புதுமையர் புனைவும்: கிறிஸ்துமஸ் காதற்கதைகளை முன்வைத்து

பண்டிகை என்பது நாட்காட்டி குறிக்கும் நாள் மட்டுமன்று. வீட்டிற்கு உரியவர் யாவர் என்பதை ஆண்டுதோறும் உறுதிசெய்யும் நிகழ்வுமாகும். தலைதீபாவளியும் பொங்கல் சீரும் ஆண்-பெண் மணவுறவை அடிப்படையாகக் கொண்டவை. மேலைநாடுகளில் கிறிஸ்துமஸுக்கு ஊர் திரும்பும் வழக்கமும் இத்தகையதே. தன்பாலீர்ப்பினரும் திருநரும் தம் விலக்கத்தைக் கூர்மையாக உணர ஏதுவாகும் நாட்கள் இவை. அந்நாட்களின் களிப்பை வாசிப்பின்வழி மீட்டளிக்கும் புனைவு வகையாகப் பால்புதுமையர் கிறிஸ்துமஸ் காதற்கதை விளங்குகிறது. அது இயங்கும் முறையைத் தமிழ்ச் சான்றுகளுடன் இணைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

இவ்வகைக்கு முன்னோடியாகக் கொள்ளத்தக்கது, பெட்ரீசியா ஹைஸ்மித் 1952-இல் கிளேர் மார்கன் என்னும் புனைபெயரில் வெளியிட்ட ‘தி பிரைஸ் ஆஃப் சால்ட்’ என்னும் நாவலாகும். 1948 டிசம்பரில் நியூயார்க்கின் புளூமிங்டேல்ஸ் அங்காடியில் பொம்மைப் பிரிவில் அவர் தற்காலிகமாகப் பணியாற்றியபோது, பொம்மை வாங்க வந்த ஒரு பெண்ணைக் கண்டதே கதைக்கு வித்தாயிற்று. நாவலிலும் தெரேசும் கேரலும் கிறிஸ்துமஸ் விற்பனைக் கூட்டத்தின் நடுவிலேயே சந்திக்கின்றனர். அக்கால அமெரிக்கப் புனைவுகளில் தன்பாலீர்ப்பு மாந்தர் தற்கொலையாலோ ‘திருந்துவதாலோ’ விலை கொடுத்தனர். இந்நாவலிலோ இருவரும் இறுதியில் ஒன்றுசேர்கின்றனர். இதற்காகவே வாசகர் பலர் நன்றிக் கடிதம் எழுதியதை ஹைஸ்மித் பின்னாளில் பதிவுசெய்தார். எனினும் இம்முடிவு விலையற்றதன்று. கேரல் தன் மகளைப் பிரிய நேர்கிறது. களிப்பு தெருவிலும் அங்காடியிலும் கிட்டுகிறது. வீடு மூடியே கிடக்கிறது.

எழுபது ஆண்டுகளுக்குப் பின் மூடிய அந்த வீட்டிற்குள் கதை நுழைகிறது. அலிசன் காக்ரனின் ‘கிஸ் ஹெர் ஒன்ஸ் ஃபார் மீ’ (2022) நாவலில், ஓர் ஆடவனின் போலி மணமகளாகக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அவன் குடும்பத்தாரிடம் செல்லும் எல்லி, முந்தைய ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு முன்னாள் தான் காதலுற்ற பெண் அவனுடைய உடன்பிறந்தவளே என அறிகிறாள். பனி, பலகாரம், பரிசு ஆகிய வழக்கமான பண்டிகைச் சேர்மானங்கள் யாவும் இதில் உள்ளன. பெரும்பாலும் வசதி படைத்தோர் வீடுகளே இவ்வகையில் களமாவதும், களிப்பு விற்பனைச் சரக்காவதும் மறுக்கவியலாக் குறைகள். ஆயினும் ‘எளிய பொழுதுபோக்கு’ என இதனை ஒதுக்குதல் பொருந்தாது. ஏனெனில் அறிந்த முடிவே இங்கு வாசகருக்குக் கிட்டும் பேறு. தண்டனை வராது என்னும் உறுதியோடுதான் அவர் பண்டிகைக்குள் மீண்டும் அடியெடுத்து வைக்கிறார்.

தமிழில் இக்களிப்பின் பதிவு தன்வரலாற்றில் கிடைக்கிறது. நாமக்கல் வட்டாரத்தில் பிறந்த அ. ரேவதியின் ‘வெள்ளை மொழி’ (2011), ஊர் மாரியம்மன் திருவிழாவில் இளமையில் குறத்தி வேடமிட்டதை மகிழ்வுடன் நினைவுகூர்கிறது. வேடம் என ஊர் பாராட்டிய அதுவே அவருக்கு உண்மை உருவாக இருந்தது. திருவிழா முடிந்ததும் அவ்வுரிமையும் முடிகிறது. பின்னாளில் வீடு திரும்பியவருக்குக் கிட்டியது அடி. திருவிழா அளிக்கும் தற்காலிக இசைவை இல்லம் மறுக்கும் இவ்விடத்தில்தான் கிறிஸ்துமஸ் காதற்கதை தன் கற்பனையைத் தொடங்குகிறது.

கூவாகம் கூத்தாண்டவர் திருவிழா பற்றிய எழுத்துகளில் தாலியறுப்பும் வெள்ளைப்புடவையும் பெறும் இடத்தை, முதல்நாள் இரவின் வளையலும் பூவும் தோழியர் சந்திப்பும் பெறுவது அரிது. அழுகை காட்சிக்கு உகந்தது என்பது ஒரு காரணமாகலாம். அரவானின் களப்பலியை மட்டும் நோக்கும் ஆய்வு, அவன் மணநாளைத் தவறவிடுகிறது.

பண்டிகை யாருக்குரியது என்பதும் மாறாத ஒன்றன்று. திருத்தணியில் டிசம்பர் 31 இரவு மலைக்கோயிலின் 365 படிகளுக்கும் பூசை நிகழ்கிறது. ஆங்கிலப் புத்தாண்டை முருக பக்தி தன் திருவிழாவாக்கிக்கொண்டது. தமிழக அரசு 2022-இல் வெளியிட்ட சொற்பட்டியல் பால்புதுமையரைக் கண்ணியமாகச் சுட்டும் சொற்களைத் தந்துள்ளது. அச்சொற்களைக் கொண்டு இரு பெண்களின் தலைதீபாவளியை எழுத முற்படும் கதைஞர் முதலில் எதிர்கொள்ளும் வினா, அது எவர் வீட்டில் நிகழும் என்பதே.