நூலகத்தில் மின்னூல் எடுத்துப் படிப்பது பைரசியா? பிடிஎஃப் ஃபார்வர்டு செய்பவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

திண்டுக்கல் மாவட்டம் தொப்பம்பட்டியில் இருந்து மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போக 100 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்யணும். ஆனால் போனில் டெலிகிராமைத் திறந்தால், தேடும் புத்தகம் சில நொடிகளில் பிடிஎஃப் ஆக வந்து விழுகிறது. இரண்டுமே காசு கொடுக்காமல் படிப்பதுதானே? அப்புறம் ஏன் ஒன்று மட்டும் பைரசி?

என்ன வித்தியாசம்?

காகிதப் புத்தகத்தை நண்பருக்குக் கொடுத்தால், திரும்பி வரும் வரை அது உங்களிடம் இருக்காது. பிடிஎஃப் அனுப்பினால் உங்க போனிலும் இருக்கும், அவர் போனிலும் இருக்கும். அதாவது நீங்கள் இரவல் கொடுக்கவில்லை, புதுப் பிரதி எடுத்திருக்கிறீர்கள். அந்த உரிமை ஆசிரியருக்கோ பதிப்பகத்துக்கோதான் உண்டு என்கிறது 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம்.

நூலகம் எப்படிக் கொடுக்கிறது?

சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் 'லிபி' செயலி வழியாகத் தமிழ் மின்னூல்களையும் இரவல் தருகிறது. இதற்குப் பதிப்பகத்திடம் முறையாக உரிமம் வாங்கப்படுகிறது. கெடு முடிந்ததும் புத்தகம் தானாகவே திரும்பிப் போய்விடும். எனவே இது பைரசி இல்லை.

நூலகமே ஸ்கேன் செய்தால்?

தன்னிடம் உள்ள அச்சு நூலைப் பாதுகாப்பதற்காக மின்வடிவில் சேமிக்க, லாப நோக்கற்ற பொது நூலகங்களுக்கு இந்தியச் சட்டம் அனுமதி தருகிறது. ஆனால் பாதுகாப்பது வேறு, எல்லோருக்கும் இணையத்தில் இரவல் தருவது வேறு. அமெரிக்காவில் 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' அமைப்பு, அச்சு நூல்களை ஸ்கேன் செய்து இரவல் கொடுத்தது. 4 பதிப்பகங்கள் 2020-ல் வழக்குத் தொடர்ந்தன. 2023-ல் பதிப்பகங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பு இந்தியாவைக் கட்டுப்படுத்தாது.

எதை தாராளமாகப் படிக்கலாம்?

இந்தியாவில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. 2008-ல் மறைந்த சுஜாதாவின் நூல்களுக்கு அது 2068 முடியும் வரை நீடிக்கும். தமிழ்நாட்டில் இன்னொரு வழியும் இருக்கு: நாட்டுடைமை. கல்கியின் படைப்புகள் 1999-ல் நாட்டுடைமை ஆக்கப்பட்டதால் 'பொன்னியின் செல்வன்' பிடிஎஃப் பகிர்வதில் தவறில்லை. ஆனால் அதன் புதிய மொழிபெயர்ப்பு, ஆடியோ பதிவுக்குத் தனி உரிமை உண்டு. நாட்டுடைமை நூல்கள் பலவற்றை தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

ஃபார்வர்டு பண்ணினால் என்ன ஆகும்?

தெரிந்தே பதிப்புரிமையை மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, ரூ.50 ஆயிரம் முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம் என்கிறது சட்டப்பிரிவு 63. லாப நோக்கம் இல்லை என்றால் நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம். ஆனாலும் 'நான் காசு வாங்கலையே' என்பதால் மட்டும் குற்றம் இல்லை என்று ஆகிவிடாது.

எனவே போட்டித் தேர்வு குரூப்பில் ஒரு கைடை பகிரும் முன் இதைப் பாருங்க: அது நாட்டுடைமை நூலா? 60 ஆண்டு முடிந்ததா? பதிப்பகமே இலவசமாகத் தந்ததா? மூன்றுக்கும் 'இல்லை' என்றால், அனுப்பாமல் இருப்பதே பாதுகாப்பு.